சேலஞ்ச் லைமஸ் 33: சேற்றுக்கென்றே ஒரு டயர்

பிள்ளைகள் வளரும்வரை ஒதுக்கி வைத்திருந்த சைக்ளோகிராஸ் என்ற, சேற்றிலும் மேட்டிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயத்துக்கு இந்தக் குளிர்காலம் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் மறுபடியும் இறங்கினேன். உடம்பைவிட டயரைப் பற்றித்தான் கவலை. அதனால்தான் சேலஞ்ச் நிறுவனத்தின் இந்த லைமஸ் டயரை வாங்கினேன். அகலம் 33 மி.மீ.; சர்வதேச விதி அனுமதிக்கும் உச்ச அளவே அதுதான். டயர்மேல் தடித்த ரப்பர் குமிழ்கள் தள்ளித் தள்ளி இருப்பதால் சேறு அப்பிக்கொள்ளாமல் தெறித்துவிடுகிறது. காற்றழுத்தம் குறைவாக, 22 பிஎஸ்ஐதான் வைத்தேன். சரிவில் குறுக்கே போகும் வளைவில் பக்கவாட்டுக் குமிழ்கள் மண்ணைக் கவ்விப் பிடித்தன, முன்சக்கரம் நழுவவே இல்லை. பலர் இறங்கி வண்டியைத் தோளில் சுமந்த மேட்டில் நான் மிதித்தே ஏறினேன். அப்படி ஒரு சந்தோஷம்! தார்ச்சாலையில் எந்தச் சேற்று டயரும் இழுக்கத்தான் செய்யும். காய்ந்த புல்தரைக்கு வேறு டயர் பாருங்கள். மழை நாள் பந்தயமா, யோசிக்காமல் இதைப் போடுங்கள், முதலில் முன்சக்கரத்துக்கு.