மாவா, மணியா, காகிதமா? மூன்று வயதுக் கைக்கு எது முதலில்?

பிள்ளை பென்சிலை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்துக் கிறுக்குகிறதா? அ, ஆ எழுத வைக்க அவசரம் வேண்டாம், முதலில் விரல்கள் பழகட்டும். மாவு உருட்டுவது, மணி கோர்ப்பது, காகிதம் கிழித்து ஒட்டுவது மூன்றும் விரலுக்கான வேலைதான். ஆனால் மூன்றும் ஒரே பலனைத் தருவதில்லை.

மாவு பலத்துக்கு. ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், நிறத்துக்குக் கொஞ்சம் மஞ்சள்தூள். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைய வேண்டும். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது, மைதா தூவுங்கள். சும்மா கொடுத்தால் பிள்ளை உள்ளங்கையால் உருட்டிக்கொண்டே இருக்கும், விரல் நுனிக்கு வேலையே வராது. சுண்டைக்காய் அளவு கிள்ளிக் கிள்ளி வைக்கச் சொன்னால்தான் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும். எதையும் வாயில் போடும் பிள்ளைக்கு இவ்வளவு உப்பு ஆபத்து. அவர்களுக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவு போதும், ஆறப்போடாமல் அன்றே எறிந்துவிடலாம்.

மணி கோர்ப்பது துல்லியத்துக்கு. சாதாரண நூல் துளை வாயிலேயே மடங்கும், பிள்ளை இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விடும். முனை விறைப்பான ஷூ லேஸ் நல்லது, முனை பிரிந்திருந்தால் செலோ டேப் சுற்றுங்கள். நீளம் 40 செ.மீ. தாண்டினால் சிக்கு விழும். முதல் மணியைக் கட்டிவிட்டால் மற்றவை நழுவாது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சிறு மணியே கூடாது. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளைகள் கோர்க்கும்போதும் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் தேர்வு காகிதம். செலவில்லை, இரண்டு கையும் எதிரெதிர்த் திசையில் வேலை செய்கின்றன, பிடியும் பென்சில் பிடிக்குப் பக்கத்தில் வருகிறது. பிள்ளைகள் தாளின் இரு ஓரத்தையும் முஷ்டியால் பிடித்து இழுப்பார்கள். கசங்குமே தவிரக் கிழியாது. ஓரத்தில் ஒரு செ.மீ. வெட்டிக் கொடுங்கள். வெட்டின் இரு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கி நிற்க, ஒரு கை தன் பக்கம், மறு கை அப்பால். செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே இழுத்தால் கோணிக்கொண்டு போகும். இழை ஓடும் திசை அப்படி. அதனால் முதல் வாரம் நெடுக்காக மட்டும், பிறகு குறுக்காக. கிழித்த துண்டுகளை ஒட்ட மைதாப் பசையை ஒரு விரல் நுனியால் தொட்டு வைக்கட்டும். தூரிகை கொடுத்தால் தாள் முழுக்க நனைந்துவிடும்.

கத்தரிக்கோல் இதற்குப் பிறகுதான். மெல்லிய தாள் அலகுகளுக்கு நடுவே மடங்கிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகையை 2 செ.மீ. அகலப் பட்டைகளாக நறுக்கிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டு விழும். இடக்கைப் பிள்ளைக்கு இடக்கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். மற்றதில் வெட்டும் கோடு அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும்.