நவம்பர் 7: கனடாவுக்குப் பிள்ளையை அனுப்புவோர் கவனத்துக்கு

முப்பது ஆண்டுகளாகப் புதுவயலில் அரிசி ஆலைக் கணக்கு எழுதுகிறேன். தேதி போடாத சீட்டைக் கைநீட்டி வாங்கியதில்லை. அப்படிப்பட்ட நான் ஒரு தேதியைக் கேட்காமல் விட்டு ஏமாந்தேன்.

காரைக்குடியில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிலையம். மனு நிலுவையில் இருப்பதால் பெயர் எழுதவில்லை. கல்லூரியே கமிஷன் தருகிறது, உங்களுக்குச் சேவை இலவசம் என்றார்கள். பிறகு 'கோப்புச் செலவு' என்று 18,000 ரூபாயை ரசீது இல்லாமல் வாங்கினார்கள். மகனுக்கு ஒன்டாரியோவில் ஒரு கல்லூரி, இரண்டாண்டு வணிக நிர்வாக டிப்ளமோ. முடித்தால் மூன்றாண்டு வேலை அனுமதி உறுதி என்றார் உரிமையாளர். அந்த மூன்றாண்டை நம்பித்தான் மனைவியின் நகை வங்கிக்குப் போனது. வாழ்க்கைச் செலவுக்கு மட்டுமே 20,635 கனடா டாலர் காட்ட வேண்டியிருந்தது, கட்டணம் தனி.

2024 ஆயுத பூஜைக்கு முன்பே எல்லாக் காகிதங்களையும் கொடுத்துவிட்டோம். கேட்கும்போதெல்லாம், "தீபாவளி கழியட்டும் அண்ணே" என்றார். நவம்பர் 9 அன்று அவரே அழைத்தார். "மாணவர் விண்ணப்பத்துக்கு இருந்த விரைவு வழியைக் கனடா நேற்றோடு மூடிவிட்டது. நம்முடையது அதற்கு முன்பே போய்விட்டது. தம்பி அதிர்ஷ்டக்காரன்!" தீபாவளிப் பலகாரத்தில் மிச்சமிருந்த மனகோலத்தைப் பொட்டலம் கட்டி அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. மறுநாள், நவம்பர் 1 முதல் மாணவர் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் டிப்ளமோ மாணவர்கள், கனடா அரசின் பட்டியலில் உள்ள துறையில் படித்தால்தான் பின்னால் அந்த வேலை அனுமதி. வணிக நிர்வாகம் பட்டியலில் இல்லை. பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு இந்தத் தடை கிடையாது. செப்டம்பரிலேயே அறிவித்த விதி இது. அவர் அறியாதிருக்க வழியில்லை.

இணையக் கணக்கை அவர் மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லையும் அவரே வைத்திருந்தார். மகன் ஜனவரியில் கல்லூரியில் சேர்ந்து, மார்ச்சில் சண்டை போட்டு வாங்கித் திறந்தால், விண்ணப்பித்த நாள் நவம்பர் 7. ஏழே நாள் தாமதம். மகன் தானே நிரப்பியதாகத்தான் விண்ணப்பம் போயிருக்கிறது. ஆலோசகர் பெயர் எங்குமே இல்லை. காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக விண்ணப்பிக்க, அந்நாட்டு வழக்கறிஞராகவோ அங்கே உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். ரங்கூன் லேவாதேவிக் கடைக்குப் போன ஆளுக்கே சம்பளச் சீட்டு எழுதிக் கொடுத்த செட்டிநாட்டுச் சீமையில், நான் வாய்ச்சொல்லோடு வந்திருக்கிறேன்.

கல்லூரியும் பாவம் என்கிறான் மகன். 2019இல் ஒன்டாரியோ அரசு உள்ளூர் மாணவர் கட்டணத்தைப் பத்து சதவீதம் குறைத்து, அதோடு நிறுத்தியும் வைத்தது. அந்தப் பள்ளத்தை வெளிநாட்டுப் பிள்ளைகள் கட்டணம் அடைத்தது. 2024 ஜனவரியில் மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வந்ததும் வருமானம் விழுந்தது. இப்போது அவன் பிரிவுக்குப் புதுச் சேர்க்கையே இல்லை. பாடம் நடத்திய இருவருக்கு வேலை போய்விட்டதாம். எனக்கு அவ்வளவு பெருந்தன்மை வரவில்லை. சேர்க்கைக் கடிதத்தில் இந்த விதியைப் பற்றி ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு என்ன செலவு?

கணக்கைப் பிள்ளையின் மின்னஞ்சலில் திறக்கச் சொல்லுங்கள். விண்ணப்பித்த அன்றே ஒப்புகையை வாங்கித் தேதியைப் பாருங்கள். பாடத்தின் குறியீட்டு எண்ணைக் கல்லூரியிடமே கேட்டு, அரசுப் பட்டியலில் நீங்களே தேடுங்கள்.

"விதி போட்டது கனடா, நான் என்ன செய்ய?" என்றார் உரிமையாளர். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். வாசல் பலகையில் கனடாவை அழித்து ஜெர்மனி எழுதிவிட்டார்கள். நேற்று கோட்டையூர்க்காரர் ஒருவர் அங்கே முன்பணம் கட்டப்போவதாகச் சொன்னார். இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.