மலைப்பூண்டை வைப்பது எங்கே: வலைப்பையா, குளிர்கிடங்கா, புகைப் பரணா?

கொடைக்கானல் மேல்மலையில் மாசி, பங்குனியில் பூண்டு பிடுங்கியதும் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். உடனே வண்டி ஏற்றி வடுகபட்டி பூண்டுச் சந்தைக்கு அனுப்பிவிடுவதா, வைத்திருந்து விற்பதா? வைப்பதென்றால் எதில் வைப்பது? பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என்று எங்கே கேட்டாலும் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே கட்டும் புகைப் பரணையே விடாமல் வைத்திருக்கிறோம். அதன் பக்கம் நின்றுதான் இதை எழுதுகிறோம்.

உடனே விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடனுக்கு ஆள் வாசலில் நின்றால் வேறு வழி கிடையாது. மத்தியப் பிரதேசத்து மந்தசௌர், நீமச் பூண்டும் அதே மாதங்களில்தான் சந்தையில் குவிகிறது; விலை நம் பக்கம் இருக்காது. ஆனால் யாராக இருந்தாலும் ஒரு பகுதியை அப்போதே விற்றாக வேண்டும். இலைத் தண்டு சேரும் கழுத்து தடித்துக் காயாமல் நிற்பது, மண்வெட்டி பட்டது, பல் பிளந்தது, பொடிப் பூண்டு ஆகியவை எந்த முறையில் வைத்தாலும் நிற்காது. வெட்டுப்பட்ட ஒரு பல்லில் நீலப் பூஞ்சை ஏறினால் அந்தப் பூண்டே போய்விடும், பக்கத்தில் இருப்பதும் கெடும்.

வலைப்பை முறை எளிது. காய்ந்த தாளை, அதாவது இலைத் தண்டை, பூண்டுக்கு மேலே ஓர் அங்குலம் விட்டு நறுக்கி, வேரைக் கத்தரித்து, வலைப்பையில் போட்டு, தரையிலிருந்து அரையடி உயரப் பலகையில் அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆள்கூலி குறைவு, ஏற்றி இறக்குவதும் சுலபம். சமவெளிக் கொட்டகையில் இது நன்றாகவே நிற்கும். மலையில்தான் சிக்கல்.

பூண்டு அறுவடைக்குப் பிறகு சில காலம் உறக்கத்தில் இருக்கும். அந்த உறக்கத்தைச் சீக்கிரம் கலைப்பது 5 முதல் 18 டிகிரி வரையிலான குளிர். 25 டிகிரிக்கு மேல் காய்ந்த சூட்டில் அது தூங்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரிலும் தூங்கும். இரண்டுக்கும் நடுவில் விழித்துக்கொள்ளும். மேல்மலையின் காற்று ஆண்டின் பெரும்பகுதி இந்த நடு எல்லையில்தான் சுற்றுகிறது. அதோடு மேகம் இறங்கி மூடுகிற மாதங்களில் காற்றின் ஈரமும் சேர்ந்தால், பலகையில் அடுக்கிய பைக்குள் முளையும் வேரும் ஒன்றாகக் கிளம்பும். வெளியே தோல் நன்றாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு பல்லை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே பச்சைக் குருத்து பல்லின் பாதி நீளத்தைத் தாண்டியிருந்தால் அந்தச் சரக்கை உடனே விற்றுவிட வேண்டும்.

குளிர்கிடங்கு என்றால் பலரும் நினைப்பது உருளைக்கிழங்கு வைக்கிற கிடங்கை. அது பூண்டுக்கு ஆகாது. அங்கே 3, 4 டிகிரி குளிரும் 90 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதமும் இருக்கும். பூண்டுக்கு வேண்டியது பூஜ்ஜியமோ அதற்குச் சற்றுக் கீழோ, ஈரம் 60 முதல் 70 சதவீதத்துக்குள். இதற்கென்றே தனி அறை கிடைத்தால் ஆறு மாதத்துக்கு மேல் தாராளமாக நிற்கும். வாடகை கட்டி அப்படியோர் அறையில் வைத்துப் பார்த்த அனுபவம் எங்களுக்கு இல்லை. அதனால் செலவுக் கணக்கில் இறங்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம்: வெளியே எடுத்த பிறகு வேகமாக முளைக்கும், எடுத்ததும் விற்றாக வேண்டும்.

இனி பரண். அடுப்புக்கு மேலே கம்பு கட்டி, பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கவிடுவது; ஒரு கொத்து ஒரு முடி. புகையைவிடப் பெரிய வேலை செய்வது அந்த உலர்ந்த இளஞ்சூடுதான். வெளியே மூன்று நாள் மேகம் விலகாவிட்டாலும் பரணில் ஈரம் தங்காது, சூடும் அந்த நடு எல்லைக்கு மேலேயே நிற்கும். புகை பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாமல் கொஞ்சம் துணை செய்யும்.

பரணின் பாதி வெற்றி வயலிலேயே முடிவாகிறது. அடி இலைகள் பழுத்ததும், பிடுங்குவதற்குப் பதினைந்து நாளுக்கு முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கியதைத் தட்டி மண் உதிர்க்காமல் கையால் உதறி, ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைப் பூண்டை மூடும்படி பரப்பி, பிறகு நிழலில் 7 முதல் 10 நாள் காய விடுங்கள். கழுத்தை விரலால் அழுத்தினால் ஈரம் தெரியக் கூடாது. அதன் பிறகுதான் தாளை முடிந்து கட்ட வேண்டும். கழுத்து காயாமல் பரணில் ஏற்றிய பூண்டு உள்ளிருந்தே அழுகும். புகை அதைக் காப்பாற்றாது.

பத்துக்குப் பத்தடி அறை என்று வைத்துக்கொள்வோம். அடிக்கு ஒரு கம்பாக ஒன்பது கம்பு, கம்புக்கு அரையடி விட்டு இருபது முடி, முடி ஒன்றரைக் கிலோ என்றால் ஓர் அடுக்குக்கு சுமார் 270 கிலோ பிடிக்கும். இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள், நடுவில் காற்று நின்றுவிடும். கீழடுக்கு தீயிலிருந்து ஏழடியாவது உயரத்தில் இருக்கட்டும். சூடு மிஞ்சினால் பல் மஞ்சளித்து, கண்ணாடி போலாகி, பிசுபிசுக்கும். அதை மண்டியில் கையில்கூடத் தொடமாட்டார்கள். மாதம் ஒருமுறை மேலடுக்கையும் கீழடுக்கையும் மாற்றிக் கட்டுங்கள். அப்போதே ஒவ்வொரு முடியையும் அழுத்திப் பார்த்து, தக்கையானதையும் மெத்தென்று இருப்பதையும் கழித்துவிடலாம்.

காய்ந்த விறகு கட்டாயம். பச்சை விறகு நீராவியைத்தான் மேலே அனுப்பும், பரண் வைத்ததற்கே பொருளில்லாமல் போகும். இன்று வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வந்துவிட்டது, காட்டுக்குள் விறகு பொறுக்கவும் கட்டுப்பாடு இருக்கிறது. பட்டாவில் நிற்கும் சீகை மரத்தை வெட்டி ஒரு கோடை காய வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் பரண் பாரம்தான், அதை மறைப்பதற்கில்லை. தோலும் பழுப்பேறும். விற்கும்போது வெளித்தோல் ஒன்றை உரித்துவிட வேண்டும், அதற்கும் கூலி உண்டு.

எடை எந்த முறையிலும் குறையும், பரணில் கூடுதலாகவே குறையும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், 100 ரூபாய்க்குப் போயிருக்க வேண்டியதை 125 ரூபாய்க்கு விற்றால்தான் சமன் ஆகும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் மட்டும் கணக்குப் போட்டால் பரண் சில வருடம் தோற்கும்.

அப்படியிருந்தும் பரணை விடாததற்குக் காரணம் விதை. ஏக்கருக்கு 200 முதல் 240 கிலோ பல் வேண்டும். உள்பல்லையும் பொடியையும் கழித்துவிட்டு நடுவதால் முழுப்பூண்டாக 300 கிலோவுக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். 2024 தொடக்கத்தில் சில்லறையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியதே, அப்படியொரு வருடத்தில் விதை கையில் இல்லாதவன் நிலத்தைச் சும்மா போடுவான், இல்லையென்றால் வட்டிக்கு வாங்குவான். வெளியிலிருந்து வரும் விதையோடு அழுகல் நோயும் தோட்டத்துக்குள் வரலாம். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும் இந்த மண்ணில் வழிவழியாக வரும் விதையை நம்பித்தானே? விதையைத் தொலைத்துவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனி நடவுக்கு என்றால் விதை மூன்று, நான்கு மாதம் நின்றால் போதும். அதற்கு வலைப்பையே தாங்கும், குருத்து கொஞ்சம் எழுந்திருந்தாலும் நல்லதுதான். ஐப்பசி நடவுக்கு எட்டு மாதம் நிற்க வேண்டும், நடுவில் மேகமும் மழையும் கடக்க வேண்டும். அதைத் தாண்ட வைப்பது பரண். ஒன்றைக் கவனியுங்கள்: கடைசி வரை சூட்டிலேயே இருந்த விதை தாமதமாக முளைக்கும், முற்றுவதும் தள்ளிப்போகும். அதனால் நடவுக்கு ஒரு மாதம் முன்பே விதை முடிகளை இறக்கி, தீ இல்லாத, காற்றோட்டமான அறையில் தொங்கவிடுங்கள். அதுவரை மலைக்குளிரிலிருந்து காத்தோம், இப்போது அதே குளிர் உறக்கத்தைக் கலைத்துத் தரும். 4 டிகிரிக்குக் கீழே குளிர்கிடங்கில் வைத்த பூண்டை விதையாக்கக் கூடாது. பக்கக் குருத்து வெடித்து, பூண்டு கோணலாகத் திரளும்.

சொந்த விதைக்கும் ஒரு குறை உண்டு. பல்லையே நடுவதால் நச்சுயிரி தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இலையில் மஞ்சள் கோடு விழுந்து குட்டையாக நிற்கும் செடிகளைப் பயிர் நிற்கும்போதே குச்சி நட்டு அடையாளம் வைத்து, அவற்றை விற்பனைக்கு ஒதுக்குங்கள். பரணில் விதைக் கம்பும் விற்பனைக் கம்பும் தனித்தனியாக இருக்கட்டும். விதை முடிகளின் தாளையும் வேரையும் நடவு வரை நறுக்க வேண்டாம், பல் பிரிப்பதும் நடவுக்கு முந்தைய நாள் போதும்.