சந்தைக்கு எந்தப் பை? வன்னிக்கான ஓர் ஒப்பீடு

20 மைக்ரோனிலும் (ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு) மெல்லிய பொலித்தீனுக்கு இலங்கையில் 2007 இலேயே தடை வந்தது. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் சொப்பிங் பைகளைக் கடைகள் இலவசமாகக் கொடுக்கவும் கூடாது. ஆகவே கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ சந்தைக்குப் போகிறவர் வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோவது என்பதே இப்போதைய கேள்வி.

பலரும் முதலில் நினைப்பது பருத்தித் துணிப் பையைத்தான். ஆனால் பிரித்தானியச் சுற்றுச்சூழல் முகவரகம் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதலைப் பொறுத்தவரை, ஒரே தடவை பாவித்த மெல்லிய பையோடு சமப்படுவதற்குப் புதிய பருத்திப் பையை 131 தடவை பாவிக்க வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகும் வீட்டில் அதற்கு இரண்டரை ஆண்டுகள் செல்லும். பழைய சேலையில் தைத்த பைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, ஏனெனில் அந்தத் துணி ஏற்கெனவே உழைத்து முடித்தது. மரக்கறிக்கும் பலசரக்குக்கும் என் தெரிவு அதுவே.

கடைகளில் விற்கும் நெய்யாத துணிப் பை பார்வைக்குத்தான் துணி. உண்மையில் அது பொலிப்புரொப்பிலீன். அதே ஆய்வு அதற்கு 11 தடவை என்றாலும், பாரம் ஏற்றினால் கைபிடி விட்டுப்போகும் பைகளே அதிகம் என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

உரப்பையும் பெரும்பாலும் அதே பொருள்தான், ஆனால் நெய்தது. 50 கிலோ தாங்கும். வயல் செய்யும் வீடுகளில் சும்மா கிடக்கும் அதைக் கழுவி, கைபிடியை இரட்டையாக மடித்துத் தைத்தால் மோட்டார் சைக்கிளில் தேங்காய் கொண்டுவர அதைவிட உறுதியான பை கிடையாது. கழுவினாலும் உர எச்சம் முழுதாகப் போனதென்று சொல்ல முடியாததால், பொதி செய்யாத உணவை அதில் போடக் கூடாது. வெயிலில் விட்டால் இழைகள் பிளாஸ்டிக் துகள்களாகப் பொடிந்து மண்ணோடு கலந்துவிடும்.

உண்மையான சிக்கல் மீனில்தான் இருக்கிறது. பிறவற்றுக்குப் பை கொண்டுவருகிறவரும் மீனுக்குச் சொப்பிங் பை கேட்கிறார், ஏனெனில் துணி ஊறி நாறும். இங்கே பனையோலையில் இழைத்த பையான உமலுக்கு நிகரில்லை: பின்னலூடாக நீர் வடியும், கழுவி நிழலில் தொங்கவிட்டால் மறுநாளைக்கு ஆகும். பனைக்கு நாம் நீரும் உரமும் போடுவதில்லை. கொடுக்கும் காசும் இழைக்கும் பெண்களின் கைக்கே போகிறது. மாரியில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும் என்பதும், குருத்தை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் நலியும் என்பதும் அதன் குறைகள். உமலில் நீர் வடிவதால், பஸ்ஸில் வருகிறவருக்கு மூடியுள்ள வாளியே ஏற்றது.

பை மறந்து வருகிறவருக்காக, மாதர் சங்கங்கள் தைக்கும் சேலைப் பைகளைக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் வைப்புப் பணத்துக்குக் கொடுத்து, திருப்பித் தரும்போது அந்தப் பணத்தை மீளக் கொடுக்கலாம்.