நாய் கால் ஆபரேஷனுக்கு காசு கட்டப் போறவங்க படிங்க, எனக்கு 3,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போச்சு

நேத்துதான் விஷயம் தெரிஞ்சுது, இன்னும் கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சிருங்க. ரெண்டு மாசம் முன்னாடி எங்க நாய் கருப்பன செம்பனை லோரி இழுத்துட்டுப் போச்சு. பின்னங்கால் கணுக்கால்ல உள்பக்கம் தோலு சதை எல்லாம் ரோட்டுல தேஞ்சு எலும்பு வெளிய தெரிஞ்சுது, அதுல செம்மண்ணு வேற அப்பிக்கிட்டு. எங்க எஸ்டேட் டவுன்ல ஒரு மிருக கிளினிக், பேர் போடல, அங்கதான் துண்டுல சுத்தி தூக்கிட்டு ஓடினோம்.

டாக்டர் பேப்பர்ல கால் மாதிரி வரைஞ்சு, உள்பக்க லிகமெண்ட் (எலும்பையும் எலும்பையும் சேத்துப் புடிக்கிற நாரு) போயிருச்சு, ரெண்டு ஸ்க்ரூ வச்சு நடுவுல செயற்கை லிகமெண்ட் கட்டிருவேன், ஜாங்ஙான் ரிசாவ் (கவலப்படாதீங்க) அங்கிள்னாரு. பேசிக்கிட்டே அவன் காத தடவி விட்டாரு. வெளியாளு கிட்ட வந்தாலே உறுமுறவன், அவர் கைய நக்கினான். அத பாத்து நம்பிட்டேங்க. வீட்டுக்காரி சங்கிலிய அடகு வச்சு 3,800 வெள்ளிய மொத்தமா முன்னாடியே கட்டினேன். ரசீதுல சர்ஜரின்னு ஒரே வார்த்தை.

மூணாவது வாரம் கட்டு நாற ஆரம்பிச்சுது. போன் பண்ணா கவுண்டர் பொண்ணு "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காரு அண்ணே", அடுத்த நாள் லீவு, அடுத்த வாரம் "நீங்கதான் நாய அவுத்து விட்டிருப்பீங்க"ன்னு என்மேலயே பழி. எக்ஸ்ரே கேட்டா மெஷின் ரிப்பேராம்.

நேத்து ஈப்போவுல வேற டாக்டர்கிட்ட போனோம். பாதத்த பக்கவாட்டுல தள்ளிப் புடிச்சு எக்ஸ்ரே எடுத்தாரு, மூட்டு கதவு மாதிரி தொறக்குது. ஸ்க்ரூ இருந்தா பளிச்சுன்னு வெள்ளையா தெரியுமாம், ஒண்ணு கூட இல்ல! வெறும் தையலுக்கும் கட்டுக்கும் 3,800 வெள்ளி! மூட்டுக்குள்ள குருத்தெலும்பும் கெட்டுப்போச்சாம், இனிமே அத சுரண்டி எடுத்துட்டு, எலும்புத்துகள் வச்சு, 135லேர்ந்து 145 டிகிரி வளைவுல பிளேட்டு போட்டு மூட்டையே ஒட்ட வைக்கணுமாம். அப்புறம் அந்த மூட்டு மடங்காது, ஆனா வலியில்லாம நடப்பான்னு சொன்னாரு. அதுக்கு காசு எங்க போறது?

என்னென்ன கவனிக்கணும்னு வெவரமா எழுதலாம்னு நெனச்சேன், முடியல. ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கே எக்ஸ்ரே படத்த கையில வாங்கிருங்க. என்ன போட்டாங்கன்னு ரசீதுல எழுதச் சொல்லுங்க. மொத்தமா முன்பணம் கட்டாதீங்க. 1974 மிருக மருத்துவர் சட்டப்படி மிருக டாக்டருங்க மலேசிய மிருக மருத்துவ மன்றத்துல பதிஞ்சிருக்கணும், புகார் அங்க குடுக்கலாம், நான் திங்கக்கிழமை அனுப்புறேன். கருப்பன் முனகுறான், மருந்து குடுக்கணும்.