வார்டு கணினி: பாஸ்வேர்டா, விரல்ரேகையா, கார்டா?

லிவர்பூலின் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனையில் வெவ்வேறு மென்பொருள்களுக்குள் நுழைய மொத்தம் 1 நிமிடம் 45 விநாடி ஆனது. ஒரே லாகினில் எல்லாம் திறக்கும்படி மாற்றியதும் அது 10 விநாடியானது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 லாகின் நடக்கும் இடத்தில் மிச்சமானது தினம் 130 மணி நேரத்துக்கும் மேல்.

வார்டு கணினியை நர்ஸ்களும் டாக்டர்களும் மாறி மாறித் தொடுகிறார்கள். வேகம் மட்டும் போதுமென்றால், எல்லோரும் வார்டின் பெயரிலேயே நுழையும் பொது லாகினை மிஞ்ச ஆளில்லை. காலையில் ஒருவர் திறந்து வைத்தால் இரவு வரை ஓடும். ஆனால் இரண்டு மணி டோஸைக் கொடுத்தது யார் என்று கேட்டால் பதிவில் வார்டின் பெயர்தான் இருக்கும். நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்காவின் ஹிப்பா விதிகள் ஆளுக்கொரு அடையாளத்தைக் கட்டாயமாக்கியிருப்பது இதனால்தான். பொது லாகினைக் கைவிடுவதே சரி.

தனித்தனி பாஸ்வேர்டு, நாள் முழுக்க ஒரே ஆள் உட்காரும் பில்லிங், ஸ்டோர் மேசைகளுக்குப் போதும். வார்டில் எடுபடாது. 90 நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் அது கீபோர்டுக்கு அடியில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளும். கசிந்ததற்கான தடயம் இல்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது.

விரல்ரேகை கேட்க அழகு. கையுறை போட்ட கைக்கும், சானிடைசரில் வறண்டுபோன தோலுக்கும் ரீடர் மசியாது. மருந்து அலமாரிக்கு வைக்கலாம், தனிமை அறைக்கு வேண்டாம்.

மிஞ்சுவது கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு. ஷிப்டின் முதல் லாகினுக்குக் கார்டோடு பின் நம்பர். அடுத்த சில மணி நேரம் கார்டை ரீடரில் காட்டினாலே திறக்கும், மறுபடி காட்டினால் பூட்டும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ரீடரை வாங்கி மாட்டியதோடு வேலை முடியாது. கார்டைக் காட்டியதும் விண்டோஸ் ஒவ்வொருவருக்கும் புது புரொஃபைலை, அதாவது அவரவர் அமைப்புகளை, ஏற்ற ஆரம்பித்தால் பழைய காத்திருப்பு அப்படியே நிற்கும். விண்டோஸை ஒரே பொது செஷனில் ஓடவிட்டு, மருத்துவ மென்பொருளில் மட்டும் ஆள் மாறும்படி செய்ய வேண்டும். இல்லையென்றால் அவரவர் திறந்து வைத்த செஷன், வார்டு கணினியில் இல்லாமல் மைய சர்வரில் ஓடட்டும்: மூன்றாம் படுக்கையருகே பாதியில் விட்ட திரை, ஏழாம் படுக்கையருகே கார்டைக் காட்டியதும் அப்படியே வந்து நிற்கும்.

கார்டு வகையையும் பாருங்கள். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் பழைய கார்டுகள் பெரும்பாலும் ஒரே எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடும், நகலெடுப்பது எளிது. மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு வகையின் பூட்டு 2008-லேயே உடைக்கப்பட்டது. டெஸ்ஃபயர் போன்ற வலுவான குறியாக்கம் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கார்டை வீட்டில் மறந்தவருக்கு, அன்று இரவே காலாவதியாகும் தற்காலிகக் கார்டு பத்து நிமிடத்தில் கிடைக்க வேண்டும். தாமதமானால் பக்கத்து நர்ஸின் கார்டு கைமாறும்.

தானியங்கிப் பூட்டுக்கு எல்லா இடத்திலும் ஒரே நேரம் வைக்காதீர்கள். வரவேற்பு மேசைக்கு 2 நிமிடம் சரி, அறுவை அரங்கில் அதே 2 நிமிடம் ஆபத்து. ஆள் நகர்ந்தால் பூட்டும் சென்சார்மீது தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து ஏமாற்றியதெல்லாம் அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்திருக்கிறது.

அவசரத்துக்குத் தனி வழி வேண்டும். தன் பொறுப்பில் இல்லாத நோயாளியின் கோப்பை, காரணத்தை ஒரே கிளிக்கில் தேர்ந்து டாக்டர் திறக்கட்டும். அப்படித் திறந்தவற்றின் பட்டியலை மறுநாள் காலை படிக்க, பெயர் குறித்து ஓர் ஆளை நியமித்துவிடுங்கள்.