கால்வாய்க் கரையா, குடியம் காடா, வண்டலூர் வாடகை சைக்கிளா: கொடுங்கையூரிலிருந்து ஒரு கணக்கு

"விடிகாலை நாலரைக்குக் கிளம்பிடு, ரோடு காலியா இருக்கும்." அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் எனக்குச் சொல்லும் யோசனை இது. அவர்கள் ஏரியாவில் அது சரிதான். வடசென்னையில் எங்கள் பக்கம் துறைமுக லாரிக்கு ராத்திரிதான் பகல். நாலரை மணிக்குக் கொடுங்கையூரிலிருந்து வெளியே வந்தால் மணலி ரோட்டிலும் மாதவரம் 200 அடி ரோட்டிலும் கன்டெய்னர் டிரெயிலர்கள் வரிசை கட்டி நிற்கும். நின்றால்கூடப் பரவாயில்லை, திடீரென்று நகரும். நாற்பது அடிப் பெட்டியின் பின்சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு தடவை மாட்டிக்கொண்டவன் மறுபடி அந்த ஓரத்தில் போகமாட்டான். நான் போவதில்லை.

அதனால் மலை, காடு, பூங்கா என்று வண்டி வராத பாதை தேடும்போது எங்கள் கணக்கு கொஞ்சம் வேறு. பாதை எவ்வளவு அழகு என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பாதையின் வாய்க்குப் போய்ச் சேர எத்தனை டிரெயிலரோடு உரச வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

பக்கத்தில் இருப்பதை முதலில் பார்த்துவிடலாம், அதிக நேரம் ஆகாது. மாதவரம் பால் பண்ணைப் பக்கம் மரமடர்ந்த தெருக்கள் உண்டு. கால்நடைப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய ரோடுகளில் ஞாயிறு காலை ஆறரை வரை நிம்மதியாக நாலைந்து சுற்று சுற்றலாம். அதற்குப் பிறகு கிரிக்கெட், கார் ஓட்டப் பழகுபவர்கள், நாய்கள். பெரியவர்கள் சைக்கிள் ஓட்ட ஊர்ப் பூங்கா எதிலும் இடம் கிடையாது, நடைபாதை நடப்பவர்களுக்குத்தான். ஏரிக்கரை என்றால் புழல்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 1876-ல் கட்டியது, 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும், பார்க்கக் கடல் மாதிரி. ஆனால் குடிதண்ணீர் ஏரி. கரைமேல் ஏறப்போய்க் காவலாளியிடம் பேச்சு வாங்கித் திரும்பியிருக்கிறேன். அவர்மேல் தப்பில்லை, ஊர் முழுக்கக் குடிக்கிற தண்ணீர்.

செங்குன்றம் என்று பேரிலேயே குன்று இருக்கிறதே, ஏறிப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சேதி. இந்தியாவின் முதல் ரயில் பாதை 1837-ல் ஓடியது இங்கேதான். பயணிகளை ஏற்ற அல்ல, செங்குன்றத்துக் கல்லைச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் ரோடு போட. அப்படிப் போட ஆரம்பித்த ரோட்டில்தான் இன்று நமக்கு இடமில்லை. இப்போது செங்குன்றத்தில் ஏறுவதற்கு இருப்பது மேம்பாலம் மட்டும், சுற்றிலும் அரிசி ஆலைகளும் நெல் லாரிகளும்.

சரி, வெளியூர்ப் பாதைகள். நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போனவை மூன்று: வண்டலூர் உயிரியல் பூங்கா, ஊத்துக்கோட்டையிலிருந்து பூண்டி வரும் கிருஷ்ணா கால்வாய்க் கரை, பூண்டிக்கு மேற்கே குடியம் காடு. பழவேற்காட்டைச் சேர்க்கவில்லையா என்று தண்டையார்பேட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி வரை போய், அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர் மிதித்தால் ஏரி, டச்சுக்காரர் கல்லறைகள், குளிர்காலத்தில் பூநாரை. எல்லாம் சரி. ஆனால் அது முழுக்கப் பஸ் போகிற ரோடு. மத்தியானம் கடல்காற்று எதிரே அடித்தால் சமதரையிலேயே மலை ஏறுகிற மாதிரி இருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க அருமையான இடம், இந்தப் போட்டியில் சேராது.

வண்டலூரை நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன், அக்கா பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வரை. சுமார் 600 ஹெக்டேர், பழைய காப்புக்காட்டுக்குள் அமைத்த பூங்கா. உள்ளே தார் ரோடு, மர நிழல், சின்ன மேடு பள்ளங்கள். வாசலில் வாடகைக்குச் சைக்கிள் தருகிறார்கள். பீச் ஸ்டேஷனில் ஏறினால் வண்டலூரில் இறங்கலாம், லாரி என்ற பேச்சே இல்லை. எட்டு வயதுப் பெண் வாழ்க்கையில் முதல் தடவையாக, பின்னால் ஹாரன் கேட்காமல் ஒரு மணி நேரம் ஓட்டினாள். அதற்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

குறை இரண்டு. கதவு திறப்பதே ஒன்பது மணிக்கு, அதாவது மே மாதத்தில் நாம் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரத்துக்கு. இரண்டாவது, வாடகை சைக்கிளின் சீட். நான் எடுத்ததில் சீட் நட்டு இறுகவே இல்லை, ஒவ்வொரு மேட்டிலும் ஒரு அங்குலம் கீழே போய்க்கொண்டே இருந்தது. வெள்ளைப்புலிக் கூண்டு வருவதற்குள் முழங்கால் காதைத் தொட்டது. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் மறக்க வேண்டாம்.

மற்ற இரண்டும் பூண்டியைச் சுற்றி இருப்பவை, அதனால் போகும் வழி இரண்டுக்கும் ஒன்றுதான். பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை என்று ரோட்டிலேயே மிதித்துப் போவேன் என்று வீரம் பேசினால், வண்டி வராத பாதையில் ஓட்ட இரண்டு மணி நேரமும், அங்கே போய்ச் சேர மூன்று மணி நேரமும் ஆகும். ஆடி மாத ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். பெரியபாளையத்து பவானி அம்மனுக்குப் பொங்கல் வைக்க வடசென்னையே குட்டி யானை என்கிற மினி லாரிகளில் ஏறிப் புறப்பட்டுவிடும்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான். ஆறு பேர். சைக்கிள்கள் ஒரு குட்டி யானையில், டிரைவர் பக்கத்தில் ஒருத்தர். மற்ற ஐந்து பேர் பெரம்பூரிலோ வியாசர்பாடி ஜீவாவிலோ திருவள்ளூர் லோக்கல் ஏறிவிடுவோம். திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் இட்லி, அதே இடத்தில் சைக்கிளை இறக்கிக்கொள்வது. அங்கிருந்து பூண்டி பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், காலை ஆறு மணிக்குப் பால்காரர்களும் செங்கல் டிராக்டர்களும் தவிர யாரும் இல்லை. ஆளுக்கு 400 ரூபாய்க்குள் முடிகிறது.

முதலில் கால்வாய்க் கரை. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் 152 கிலோமீட்டர் ஓடி வருகிறது. ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜீரோ பாயின்ட் என்ற இடத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, அடுத்த 25 கிலோமீட்டரில் பூண்டி ஏரியில் விழுகிறது. 1996-ல்தான் முதன்முதலாகத் தண்ணீர் வந்தது. கால்வாயின் கரைமேல் பராமரிப்பு ஜீப் போவதற்கான மண்பாதை. அதுதான் நம் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே நெல் வயல், வரப்பில் பனை. ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, தண்ணீர் தானாக ஓடும் சரிவுதான் நமக்கும்.

இதன் குணம் தண்ணீரைப் பொறுத்து மாறும். 1983 ஒப்பந்தப்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டிஎம்சி, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டிஎம்சி வரவேண்டும். ஒப்பந்தம் வேறு, வருவது வேறு, அது தனிக் கதை. ஆனால் தண்ணீர் ஓடுகிற நாளில் கரைமேல் போனால் வெயில் உறைக்காது. கால்வாய் காய்ந்த நாளில் இரண்டு பக்கத்து சிமென்ட் சரிவும் அடுப்பு மாதிரி அனலை மேலே அனுப்பும். ஒருமுறை ஏப்ரல் கடைசியில் போய், பத்து மணிக்குள் இரண்டு பாட்டில் தண்ணீரும் தீர்ந்து, ஒரு பாலத்தடியில் ஆறு பேரும் ஆடுகளோடு ஆடாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம்.

தண்ணீர் ஓடும் நாளில் இன்னொரு ஆபத்து: இறங்கிக் குளிக்கும் ஆசை. கூடவே கூடாது. ஓட்டத்தின் வேகம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. சிமென்ட் சரிவில் பாசி, பிடிக்க ஒரு வேர்கூடக் கிடையாது. நீச்சல் தெரிந்தவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

பாதை சமதரை என்பதால் எந்த சைக்கிளும் போகும். கியர் இல்லாத பழைய அட்லஸில் வந்த ஒரு பெரியவர், கேரியரில் புல்லுக்கட்டோடு, எங்கள் ஹைபிரிட்களை முந்திப் போனார். முந்தும்போது மணிகூட அடிக்கவில்லை. மெலிந்த டயர் ரோடு பைக்கை மட்டும் கொண்டுவர வேண்டாம், மழைக்குப் பின் டிராக்டர் தடத்தில் அது புதைந்துவிடும். அலுப்பு? உண்டு, மறைக்கவில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் எல்லாப் பனையும் ஒரே பனையாகத் தெரியும்.

குடியத்தில் அலுப்புக்கு இடமே இல்லை. பூண்டியிலிருந்து பத்து கிலோமீட்டர் வாக்கில் ஊர். ஊரைத் தாண்டினால் காப்புக்காடு, அதற்குள் மலைக்குகை. வனத்துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போவதே முறை. காடு என்றால் ஓங்கி வளர்ந்த மரங்களை எதிர்பார்க்காதீர்கள். காரை, களா, சூரை என்று எல்லாம் முள். ஆள் உயரத்துக்கு மேல் நிழல் அரிது. ஆனால் காலை ஏழு மணிக்கு அந்தப் புதர்களுக்குள் கௌதாரி கத்துகிற சத்தமும் உங்கள் செயின் சத்தமும் தவிர வேறு எதுவும் காதில் விழாது. எங்கள் ஏரியாவில் வளர்ந்தவனுக்கு அந்த அமைதி முதல் அரை மணி நேரம் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

பாதை முழுக்கக் கூழாங்கல். கொழுக்கட்டை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை, ஆற்றில் உருண்டது மாதிரி வழுவழுப்பானவை. அந்த மலையே அப்படிப்பட்ட கற்கள் இறுகிச் சேர்ந்த மலைதான். குகைச் சுவரிலும் கல் கல்லாகப் பதிந்திருக்கும், இடுக்குகளில் தேன்கூடு. ஆதி மனிதன் இந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கல்லும் ஒரு காரணம், தட்டி ஆயுதம் செய்யத் தோதான கல். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் பல்லாவரத்திலும் பிறகு குடியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் வருடம் என்று 2011-ல் ஆய்வு முடிவு வெளியானது. அவ்வளவு பழைய கல்மேல் சைக்கிள் ஓட்டுகிறோம் என்ற பெருமை, முன்சக்கரம் வழுக்கும் வரைக்கும் இருக்கும்.

இங்கே இரண்டு அங்குல டயராவது வேண்டும், எம்டிபி என்கிற மலை சைக்கிள் இருந்தால் நல்லது. கடைசிப் பகுதியில் எந்த சைக்கிளும் உதவாது, சாய்த்து வைத்துவிட்டு நடக்கத்தான் வேண்டும். பஞ்சர் ஆகுமா என்று கேட்காதீர்கள், எத்தனை என்று கேளுங்கள். போன டிசம்பரில் என் பின் ட்யூப் போனது. மாற்றினேன், ஐந்து நிமிடத்தில் அதுவும் போனது. தண்ணீரில் முக்கிப் பார்க்க வழியில்லை, ட்யூபைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காற்று வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆடு மேய்க்கிறவர் ஒருவர் வந்து நின்று பார்த்தார்.

"நைனா, முள்ள எடுக்காம ட்யூப்ப மாத்தினா, எத்தினி மாத்தினாலும் நிக்காது" என்றார்.

டயரைக் கையில் வாங்கி, உள்பக்கமாகக் கட்டைவிரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, உடைந்த முனை மட்டும் ரப்பருக்குள் புதைந்திருந்தது. அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியால் ஒரே இழுப்பில் எடுத்தார். என் பையில் இருந்த பஞ்சர் கிட் 650 ரூபாய், அதில் முள்வாங்கி இல்லை.

ஆக, மூன்றில் எது? சின்னப் பிள்ளைகளோடு என்றால் யோசிக்காமல் வண்டலூர். தனியாகவோ இரண்டு பேராகவோ போனால், குடியம் பக்கமே தலைவைக்க வேண்டாம். விழுந்தால் தூக்க ஆள் வேண்டும், பாதி இடத்தில் செல்போன் எடுக்காது. நாலைந்து பேர் சேர்ந்து, நவம்பர் மழை ஓய்ந்த பிறகு பிப்ரவரிக்குள் என்றால் குடியத்துக்கு ஈடு எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் அது சரிப்படும். அழகில் கால்வாய்க் கரை மூன்றாவதுதான். இருந்தும் நான் அதிகம் போனது அங்கேதான், மாதம் இரண்டு ஞாயிறு. கேட் இல்லை, டிக்கெட் இல்லை, பஞ்சர் குறைவு, பதினொன்றரைக்கு வீட்டில் சாப்பாடு.

குட்டி யானைக்காரரிடம் வியாழக்கிழமையே சொல்லிவைக்க வேண்டும். ஆடி மாதத்தில் மட்டும் கேட்டுப் பயனில்லை, நாலு ஞாயிறும் அவருக்குப் பெரியபாளையம் சவாரி.